இப்போதைக்கு உன் பேரில் இருக்கட்டும்

எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதும். வெளியூர்க்காரர்கள் அப்படியே நின்று எங்கே புகை என்று தேடுவார்கள். நாங்கள் கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொள்வோம். வெண்டல் டெல்வோ மட்டும் வெயிலோ பனியோ, நிலையத்துக்கு எதிரே இருக்கிற தன் வீட்டு வாசற்படியில் வந்து நின்று சல்யூட் அடிப்பான். ஐம்பது வயது ஆள். தீயணைப்புக்காரர்கள் கொடுத்த பழைய மஞ்சள் கோட்டு முழங்கால் வரை தொங்கும். சங்கு அடங்கின பிறகுதான் கையை இறக்குவான். அப்புறம் பக்கத்து வீட்டில் இருக்கிற என்னைப் பார்த்து, "கார்லி, சூப் எங்க?" என்று அதட்டுவான், நான் என்னவோ அவன் வைத்த சமையல்காரி மாதிரி.

நான் கார்லீன் மஸார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தித்தான் எனக்கு இந்த வாய் வந்தது என்பாள் லவான். வெண்டலின் அக்கா அவள், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தோழி. பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்தாள். வெண்டலுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. தனியாகச் சவரம் செய்ய மாட்டான், அடுப்புப் பக்கம் விட முடியாது. ஆனால் எந்த வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சனிக்கிழமை தோறும் அந்த வண்டிகளைக் கழுவுவது அவன்தான். அங்கே எல்லோரும் அவனை சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் கிண்டலும் உண்டு, மரியாதையும் உண்டு.

அவர்கள் இருந்தது வாடகை வீடு. நிலையத்துக்கு நேர் எதிரே என்பதால்தான் அந்த வீடு. அந்த வாசற்படி போனால் வெண்டலும் போனான், அதை நான் கண்ணால் பார்த்தவள். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் அப்பா நார்பர்ட். ஸ்டர்ஜன் பே கப்பல் பட்டறையில் வாழ்நாள் முழுக்க இரும்பு பற்றவைத்தவர். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார். அவர் மட்டும் என்ன, பெல்ஜியத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறின குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். கிழிந்த கையுறைக்கு டேப் ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள், பணத்தைத் தொட மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். நாலு பேர் நடுவில் துணியை அவிழ்க்கிற மாதிரி கூச்சம் அவர்களுக்கு.

அந்தப் பேச்சை நார்பர்ட் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு முறை. தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் திரட்ட ஆவணி வாக்கில் பூயா என்கிற சூப்பைக் காய்ச்சுவார்கள். கோழி, மாட்டு வால், கோசு, கேரட் எல்லாம் போட்டு, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவு அண்டாவில் கொதிக்கும். படகுத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் விடாமல் கிண்ட வேண்டும். துடுப்பைக் கையில் வாங்கினவன், இன்னொருத்தன் வந்து வாங்கும் வரை விடக் கூடாது. கை விட்டால் அடிப்பிடித்து அண்டா முழுக்க வீண். மூத்திரம் முட்டினாலும் ஆள் வந்தால்தான் போகலாம், அப்படி ஒரு கட்டுப்பாடு.

நார்பர்ட் துடுப்போடு நின்றார். லவானும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வெண்டல் தூரத்தில் வண்டியின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் அண்டாவைப் பார்த்தபடியே பேசினார்.

"லவான், அந்தப் பட்டறைப் பணத்துக்கு எனக்கப்புறம் உன் பேரப் போட்டுட்டேன்."

"வெண்டல் பேரு?"

"அவன் பேரு எங்கயும் வேணாம். அவன் பேர்ல ரெண்டு காசு சேர்ந்தா அரசாங்கம் குடுக்கற மருந்து, ஆளு, வேனு எல்லாத்தையும் நிறுத்திடுவான். இப்போதைக்கு உன் பேர்ல இருக்கட்டும். நீ பாத்துக்குவ."

"பாத்துக்கறேன்ப்பா."

"அவ்ளோதான். இந்தா, துடுப்பப் புடி, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

அவ்வளவுதான் பேச்சு. வக்கீல் இல்லை, எழுத்து இல்லை. இங்கே வக்கீல் என்றால் விவாகரத்துக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டினதுக்கும்தான். ஊனமான பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு, கூடப்பிறந்தவர் தலையில் எல்லாவற்றையும் வைத்து, ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் சாகிறார்கள். எனக்கு அப்போது அது சரி என்றுதான் பட்டது.

எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு அலைந்த வருஷம் நார்பர்ட் போனார். எழுபதுதான். லவானும் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் வீட்டிலும் காய்ச்சல், அதனால் வெண்டலை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாவட்டத்துக்காரர்கள் வந்து தூரத்து ஊரில் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல இடம்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சங்கு இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் அருகே போய் நிற்பானாம், சங்கு வரும் என்று. வராது. சாயங்காலம் வரை கையை நெற்றியிலிருந்து இறக்காமல் நிற்பானாம். சாப்பாட்டை விட்டான். பேச்சை விட்டான். லவான் தேறிப் போய்க் கூட்டிவந்தபோது, காரிலிருந்து இறங்கினது வெண்டல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தலையில் பாதி முடி இல்லை, அவனே பிய்த்திருந்தான். மறுபடி என்னை அதட்டிச் சூப் கேட்க அவனுக்கு அடுத்த கோடை வரை ஆயிற்று. இன்னொரு முறை அங்கே போனால் அவன் திரும்ப மாட்டான் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆக அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான். அந்த வீட்டு வாடகை நிற்காமல் போக வேண்டும், வெண்டல் கண்ணை மூடும் வரைக்கும்.

லவான் பெயருக்குக் கணக்கு மாறியது. மாறியது என்று சொல்கிறேனே தவிர, வருகிற தாளில் எல்லாம் நார்பர்ட் பெயர்தான் முதலில் இருக்கும், பக்கத்தில் காலமானவர் என்று போட்டு, அதற்குக் கீழே இவள் பெயர். செத்தவர் பெயரில் மாதா மாதம் தபால். அதோடு ஒரு விதியும் வந்தது. அப்பா செத்த வருஷத்துக்குப் பிறகு பத்தாவது வருஷம் முடிவதற்குள் கணக்கைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததற்கு வரி. கெடு தாண்டி மிச்சம் கிடந்தால் அபராதம்.

"பத்து வருஷம் இருக்குடி," என்றாள் லவான். "வாடகைக்கு வேண்டியத மட்டும் எடுக்கறேன். மிச்சம் வளரட்டும்."

"பத்து வருஷம் கழிச்சு?"

"கழிச்சுப் பாக்கலாம். அதுக்குள்ள நீ எவனையாவது கட்டிக்கிட்டுப் போயிருப்ப."

கட்டிக்கொண்டது அவள்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் கர்ட் என்று ஒருவனைப் பிடித்தாள். மனைவி செத்தவன், கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவன், பாதி சிரிப்பு பாதி இருமல். எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அவனுக்கு எல்லா விதியும் தெரிந்திருந்தது, அதுதான் காரணமாக இருக்கும். எந்த வருஷம் எவ்வளவு எடுத்தால் வரி குறையும் என்று லவானுக்குப் பாடம் எடுப்பான்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுச் சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நான் உலர்ந்த பிளம் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை அவன் இரண்டாவது முறை வெட்டிக்கொண்டே சொன்னான்.

"லவான், உனக்கப்புறம் யாருன்னு அந்தக் கணக்குல போடவே இல்லையே நீ. வெண்டல் பேரப் போட முடியாது. இப்போதைக்கு என் பேர்ல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அதே வார்த்தை. நார்பர்ட் சொன்னதை இவன் கேட்டிருக்க வழியே இல்லை.

அவன் வெளியே போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "லவான், வேணாம். வக்கீலப் பாரு. வெண்டலுக்குன்னு ஒரு டிரஸ்ட் போடலாமாம். என் பஸ்ல வர்ற ஒரு பையனுக்கு அவங்க வீட்ல போட்டிருக்காங்க. பணம் அவன் பேர்லயும் இருக்காது, எவன் பேர்லயும் இருக்காது. அவனுக்கு மட்டும்தான் செலவு பண்ண முடியும். அரசாங்கமும் உதவிய நிறுத்தாது."

"உனக்கு கர்ட்ட ஆகல."

"ஆகல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"சரிடி, சரிடி. மூஞ்சியத் தூக்காத. மான் வேட்டை முடியட்டும், போறேன். இப்ப வக்கீலும் துப்பாக்கியத் துடைச்சுட்டு உக்காந்திருப்பான்."

அதற்குள் இப்போதைக்கு என்று கர்ட் பெயரைப் போட்டுவிட்டாள்.

மான் வேட்டை தொடங்கின சனிக்கிழமை. சாயங்காலம், வானம் இருண்டுகொண்டிருந்தது. ஆலையில் இருந்து லவான் வருகிற நேரம். பன்னிரண்டு மணிச் சங்கு அன்று ஒழுங்காக ஊதி முடித்திருந்தது, இது வேறு சங்கு. வெண்டல் கோட்டு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து படியில் நின்று சல்யூட் வைத்தான். அவனுக்கு ஒரே குஷி. "பெரிய வண்டி, கார்லி! பெரிய வண்டி போகுது!" என்று குதித்தான். நானும் அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினேன். சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறையும் வரை இரண்டு பேரும் ஆட்டினோம்.

வண்டி திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. ஜெரால்டு இறங்கினான், நிலையத்தில் மூத்தவன் அவன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றான், மேலே வரவில்லை. வெண்டல் மறுபடி சல்யூட் அடித்தான்.

"தீ அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சு சீஃப்," என்றான் ஜெரால்டு. அப்புறம் என்னைப் பார்த்தான்.

மான் குறுக்கே பாய்ந்திருக்கிறது. ரோட்டில் பனிக்கட்டி. ஓரத்தில் மரம். லவான் அங்கேயே போய்விட்டாள். அவளைத் தேடிப் போன வண்டிக்குத்தான் நாங்கள் கையை ஆட்டியிருக்கிறோம்.

கர்ட் பணத்தைச் சுருட்டிக்கொண்டு வெயில் தேசத்துக்குக் கிளம்பிவிடுவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். அவன் கிளம்பவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கட்டினான். காலையில் வெண்டலுக்குச் சவரம் செய்துவிட்டான். இருவரும் சீட்டாடுவார்கள், வெண்டல் அழுகுணி ஆட்டம் ஆடுவான், கர்ட் பார்க்காத மாதிரி தோற்பான். இப்படி ஒரு ஆளைப் போய் என்ன பேச்சுப் பேசினேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கணக்கை முடிக்க அவனுக்குப் புதுசாகப் பத்து வருஷம் கிடைக்கவில்லை. கை மாறினாலும் கெடு மாறாதாம். நார்பர்ட் செத்ததிலிருந்து எண்ணின அதே கெடுதான், மிச்ச வருஷம் மட்டும்தான் அவனுக்கு.

"இந்தக் கணக்குக்கு மட்டும் சாவே கிடையாதுன்னு பாத்தா, அதுக்கும் நாள் குறிச்சு வெச்சிருக்கான்," என்று சிரிப்பான். சிரிப்பு இருமலில் முடியும். இந்த வருஷம் வசந்தத்தில் அந்த இருமலுக்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னார்.

டெக்சஸிலிருந்து அவன் மகள் ஷானா வந்தாள். நல்ல பெண், பல் எல்லாம் வெள்ளை. வெண்டலைப் பார்த்து, சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில், "ஹலோ, நீதான் அந்த வெண்டலா?" என்றாள். வெண்டல் என் பக்கம் திரும்பி, "இவ ஏன் இப்படிப் பேசறா? உடம்பு சரியில்லையா?" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு அவள் அப்பாவின் போர்வையைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "அப்பா, அந்தக் கணக்கு விஷயம். நீங்க கவலைப்படாதீங்க. என் பேர்ல போடுங்க. அவர நான் பாத்துக்கறேன். எங்க ஊர்ல இந்த மாதிரி ஆளுங்களுக்கு நல்ல நல்ல இடம் இருக்கு."

கர்ட்டின் கண் என்னைத் தேடியது. மூச்சு வாங்கக் கஷ்டப்படுகிற ஆளின் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அவள் விமானம் ஏறின மறுநாள் கர்ட் என்னைக் கூப்பிட்டான்.

"கார்லீன், உங்க பேரப் போட்டுட்டேன்."

"என் பேரா? உனக்குப் பைத்தியமா? வக்கீலக் கூப்பிடு. டிரஸ்ட் போடு. நான் வேணா கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போறேன்."

"கேட்டேன். அந்த வக்கீலம்மாவுக்கு அடுத்த மாசம்தான் நேரம் இருக்காம். எனக்கு அடுத்த மாசம் இருக்கா?" கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தான். "லவான்கிட்ட நானாத்தான் பாத்துக்கறேன்னேன். அவள அவ அப்பன் கேட்டான், சரின்னா. இப்ப நான் உங்களக் கேக்கறேன். இப்போதைக்கு உங்க பேர்ல இருக்கட்டும். நீங்க பாத்துக்குவீங்க."

"பாத்துக்கறேன்," என்றேன். வேறு என்ன சொல்வது அந்த முகத்தைப் பார்த்து? சொன்ன பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. லவான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்ன அதே சுருதியில் வந்தது அது.

இலை உதிர்ந்து முடியும் முன் கர்ட் போனான். பகலில் மாவட்டத்துப் பெண் வந்து வெண்டலைப் பார்த்துக்கொள்கிறாள். பஸ் வேலை போக மற்ற நேரம் நான். படுக்க மட்டும் வீட்டுக்கு வருகிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் முதலில் செய்தது அந்த வக்கீலம்மாவுக்குப் போன் போட்டதுதான். டிசம்பர் முதல் வாரம் வியாழக்கிழமை என்றாள். நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். சாகக் கூடாது, கார் ஓட்டும்போது மான் வருகிறதா என்று பார்க்க வேண்டும், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் மகன் டஸ்டின் அப்போதுதான் அடிக்கடி வர ஆரம்பித்தான். கெட்டவன் இல்லை அவன். பனி வாருகிற வண்டி ஒன்றைக் கடனில் வாங்கி ஓட்டுகிறான். போன குளிர்காலம் பனியே பெய்யவில்லை, தவணை நின்றுபோனது. வெண்டலுக்கு வண்டியில் சுற்றிக் காட்டுவான், ஹாரன் அடிக்க விடுவான். பெற்ற வயிறு, அவனைப் பற்றி எனக்கு வேறெப்படிப் பேச வரும்?

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "அம்மா, அந்த நார்பர்ட் பணத்த எப்படியும் அஞ்சு வருஷத்துல துடைச்சு எடுத்துதானே ஆகணும்?"

"யாரு சொன்னா உனக்கு?"

"கர்ட்தான், எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சாரே. எடுத்தா எங்க போகும்? உன் பேங்க்ல. அங்க அதுக்குப் பேரா எழுதியிருக்கும், இது வெண்டலோடதுன்னு? பணம் பணம்தானே. நான் ஒண்ணும் கேக்கலம்மா. சும்மா சொன்னேன்."

"கேக்காத."

"கேக்கலன்னுதானே சொல்றேன். கிரேவி இருக்கா?"

கிரேவியை ஊற்றினேன். அவன் சொன்னது என்னவோ உண்மை. கணக்குக்குள் கிடக்கும் வரை ஒவ்வொரு தாளிலும் நார்பர்ட் பெயர் முன்னால் நிற்கிறது, எனக்கே கொஞ்சம் பயம் இருக்கிறது. வெளியே எடுத்தால் அந்தப் பெயர் கூட வராது. விதியோ எடு எடு என்கிறது. அன்று ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன். என் வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அதையும் சேர்த்தேதான் நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று பனி. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று கிளம்பினேன். டஸ்டின் உள்ளே ஓடிவந்தான், காலணிப் பனியை உதறக்கூட இல்லை.

"அம்மா, கடன்காரன் இன்னிக்கு வண்டியத் தூக்கிட்டுப் போறேங்கறான். ஜாமீனுக்குக் கூட ஒரு கையெழுத்து இருந்தா விட்டுடுவானாம். மதியத்துக்குள்ள. இந்த மாதிரி பனி பெய்யற நாள்ல வண்டி இல்லன்னா நான் எங்கம்மா போவேன்?"

"எனக்கு வக்கீல்கிட்டப் போகணும்டா."

"வக்கீல் எங்க ஓடிடப் போறாங்க? அந்த ரோட்ட இன்னும் நாங்களே வாரல. நீயும் லவான் மாதிரி மரத்துல போய் முட்டணுமா?"

அந்த வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் ரொம்ப நல்ல மாதிரி, பனியில் வராதீர்கள் என்றாள். வேறு நாள் தரட்டுமா என்று கேட்டாள்.

"கிறிஸ்மஸ் முடியட்டும்," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மான் வேட்டை முடியட்டும் என்று லவான் சொன்னாள். கிறிஸ்மஸ் முடியட்டும் என்று நான் சொல்கிறேன். ஆனாலும் டஸ்டின் வண்டியிலேயே ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

டஸ்டினுக்குச் சந்தோஷம். அடுப்படியில் உட்கார்ந்து நான் வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போது போன் அடித்தது. நார்பர்ட் பணத்தை வைத்திருக்கிற நிறுவனத்திலிருந்து ஒரு சின்னப் பெண், தூரத்து மாநிலத்துப் பேச்சு. கணக்கு என் பெயருக்கு வந்துவிட்டது என்றாள். கெடு எப்போது என்று படித்துக் காட்டினாள், கர்ட்டுக்குச் சொன்ன அதே வருஷக் கடைசி. அப்புறம் கேட்டாள்.

"உங்களுக்கப்புறம் யாரு மேடம்? யார் பேரப் போடட்டும்?"

"ஒரு டிரஸ்ட் வரப்போகுது. அதத்தான் போடணும்."

"டிரஸ்ட் இப்ப இருக்கா மேடம்?"

"இல்ல. கிறிஸ்மஸ் முடிஞ்சு."

"அது வந்தப்புறம் சொல்லுங்க, மாத்திக்கலாம். எப்ப வேணா மாத்திக்கலாம். பேரே இல்லாம விட்டா சிக்கலாயிடும் மேடம். இப்போதைக்கு யாரப் போடட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. டஸ்டின் என் பக்கம் திரும்பவில்லை. சூப்புக் கரண்டி மட்டும் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊத ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் கோட்டு படிக்கு வந்தது. முழங்கால் அளவு பனியில் வெண்டல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நெற்றியில் கையை வைத்தான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். "டஸ்டின். என் பையன். அவன் பாத்துக்குவான்."

பாத்துக்குவான் என்றதை அந்தப் பெண் எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை. பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சங்குச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, இரண்டாவது முறை நான் கத்திச் சொன்னேன்.